‘நான்’ எண்டு ஒண்டுமில்லையாம், அப்ப கடன் ஆருக்கு?

கேள்வி: அண்ணே, என்ட கூட்டாளி ஒருத்தன் கைமாத்தா 50,000 ரூவா வாங்கினவன். இப்ப தியான கிளாசுக்குப் போய் வந்து, ‘எல்லாம் அநித்தியம், நான் எண்டு ஒண்டுமில்ல, அண்டைக்கு வாங்கின ஆள் வேற இண்டைக்கு இரிக்கிற ஆள் வேற’ எண்டு கதைக்கிறான். புத்தர் இப்பிடியா சொன்னவர்?
(கல்லடி வாசகர்)

பதில்: கெட்டிக்காரன்தான் உங்கட கூட்டாளி, ஆனா இது பழைய சாட்டு தம்பி. மிலிந்த பஞ்ஹ எண்ட பாளி நூல்ல நாகசேன தேரர், மிலிந்தர் எண்ட கிரேக்க ராசாவுக்கு ஒரு மாம்பழக் கள்ளன்ட கதை சொல்லுவார். பிடிபட்ட கள்ளன், ‘இவர் நட்ட மாங்கொட்ட வேற, நான் எடுத்த பழம் வேற, என்னில என்ன குற்றம்’ எண்டு கேப்பானாம். நட்டதிலயிருந்துதானே இது வந்த, அவன் குற்றவாளிதான் எண்டு ராசாவே தீர்ப்புச் சொல்லிருவார். ஆள் மாறிக்கிட்டுத்தான் இரிக்கான், ஆனா முந்தினதுல இருந்துதான் பிந்தினது வருது, அந்தத் தொடர்ச்சி அறுகிறல்ல, கர்மம் எண்டு சொல்றதும் அதுலதான் நிக்கிது.

அநாத்மா, அதாவது ‘நான்’ எண்டு நிலையா ஒண்டுமில்ல எண்டு புத்தர் சாரநாத்துல முதல் 5 சீடர்மாருக்கும் சொன்னது வேற விசயம். உடம்பு, உணர்ச்சி, இது இன்னது எண்டு குறிச்சுக்கிறது, மனசுல எழும்புற எண்ணங்கள், அறிவு, இந்த 5-ம் உன்டயாயிருந்தா ‘இப்பிடி இரு, அப்பிடி இராத’ எண்டு நீ சொல்ல அது கேக்கணுமே, கேக்குதா? முழங்கால் உளைவுக்கிட்ட நான் எத்தின தரம் சொல்லிப் பார்த்தன்! சொல் கேக்காத ஒண்ட என்ட, நான் எண்டு இறுக்கிப் பிடிக்காத எண்டதுதான் பாடம், வாங்கின காசக் குடுக்காத எண்டது இல்ல. குடுக்காத பொருள எடுக்காத எண்டு பஞ்சசீலம் எண்ட 5 ஒழுக்கத்துல ரெண்டாவதே இரிக்கு, அந்தக் கிளாசுல அத விட்டுட்டாங்க போல. காசக் கேளுங்க, ஆனா அத நினைச்சு ராவெல்லாம் நித்திரை முழிக்காதீங்க, அது உங்களுக்குரிய பாடம்.

கேள்வி: கண்ண மூடி இருக்க நேரமே இல்லண்ணே. விடியக் காலம 5 மணிக்கு எழும்பினா அடுப்பு, புள்ளைகள், பிறகு வேலை. என்ன செய்யலாம்?
(திருக்கோவில் வாசகி)

பதில்: கண்ண மூடச் சொல்லி ஆர் புள்ள சொன்ன? சதிபட்டான சுத்தம் எண்ட, கவனத்தப் பத்தின புத்தர்ட போதனையில மூச்சக் கவனிக்கிறது மட்டுமில்ல, நடக்கக்குள்ள நடக்கிறன் எண்டு தெரிஞ்சு நடக்கிறது, நிக்கிறது, படுக்கிறது, திங்கிறது, குடிக்கிறது, கக்கூசுக்குப் போறது வரைக்கும் சொல்லியிரிக்கு. தேங்கா திருவக்குள்ள தேங்காயத் திருவுங்க, மனம் பக்கத்து வீட்டுக் கதைக்குப் போகும், போயிட்டு எண்டு தெரிஞ்சா அந்தத் தெரியிறதுதான் பயிற்சி, அதுக்காக மனச ஏசத் தேவையில்ல. விரலும் திருவலையில படாது.

கேள்வி: சைவக்காரர் தீகவாபி பௌத்த விகாரைக்குப் போகலாமா?
(அக்கரைப்பற்று வாசகர்)

பதில்: தாராளமாப் போகலாம். செருப்பு, தொப்பி கழட்டணும், தோள் முழங்கால் மூடின உடுப்பு, சிலைக்கு முதுகு காட்டி செல்பி எடுக்கப்படாது. தண்ணிப் போத்தல் கொண்டு போங்க, வெயில் பொல்லாத வெயில்.