ஜின்னா, 1971, ஒரு மணியார்டர் – கடிதம்

அன்புள்ள ஐயா,

நான் வரலாறு முதுகலை இரண்டாம் ஆண்டு படிக்கிறேன். பாகிஸ்தானிலிருந்து வங்கதேசம் பிரிந்ததைப் பற்றி வகுப்பில் பேச்சு வரும்போதெல்லாம் எனக்கு ஒரு கேள்வி எழும். ஜின்னா 1971 வரை உயிரோடு இருந்திருந்தால் அந்த நெருக்கடியை எப்படிப் பார்த்திருப்பார்? அவர் சட்டம் படித்தவர், பெரும்பான்மையை மதித்தவர். கிழக்குப் பாகிஸ்தானின் தலைவர் முஜிபை அழைத்துப் பேசி, ஆட்சியை அவரிடம் கொடுத்து நாட்டைக் காப்பாற்றியிருப்பார் என்று தோன்றுகிறது. பெரிய தலைவர்கள் கட்டியதைப் பின்னால் வந்த சின்ன மனிதர்கள் உடைத்துவிட்டார்கள். மொழி என்பது ஒரு சாக்கு, உண்மையான காரணம் பதவியும் பணமும்தான், இல்லையா? காந்தி இருந்திருந்தால் இந்தியா படை அனுப்பியதை ஏற்றிருப்பாரா? காங்கிரஸ் தலைவராக இருந்த மௌலானா ஆசாத் இதையெல்லாம் முன்பே சொன்னதாக ஒரு பேட்டி வாட்ஸப்பில் வந்தது. அதையும் இணைத்திருக்கிறேன்.

கே

அன்புள்ள கே,

‘இருந்திருந்தால்’ என்று வரும் கடிதங்களை நான் பொதுவாக ஓரமாக வைத்துவிடுவேன். உங்கள் கடிதத்தை அப்படி வைக்க முடியவில்லை. போன வாரம் அலமாரியைத் துடைக்கும்போது பழைய ஜெராக்ஸ் கட்டு ஒன்று கையில் அகப்பட்டது. பாகிஸ்தான் அரசியல் நிர்ணய சபையில் 1948 பிப்ரவரி 25 அன்று நடந்த விவாதம். அன்றிலிருந்து அது என் மேஜைமேல்தான் கிடக்கிறது. அதையே நினைத்துக்கொண்டிருந்தபோது உங்கள் கடிதம் வந்தது.

முதலில் ஜின்னா. பெரும்பான்மையை மதித்தவர் என்று எழுதியிருக்கிறீர்கள். பாகிஸ்தான் பிறந்து ஒரு வாரம்தான் ஆகியிருந்தது. 1947 ஆகஸ்ட் 22 அன்று வடமேற்கு எல்லைப்புற மாகாணத்தில் டாக்டர் கான் சாகிபின் காங்கிரஸ் அமைச்சரவை கலைக்கப்பட்டது. சட்டசபையில் அவருக்குப் பெரும்பான்மை இருந்தது. கலைக்கச் சொன்னவர் ஜின்னா. வரலாறு படிக்கிற நீங்கள் இதைத் தெரிந்துகொள்ளாமல் ‘மதித்தவர்’ என்று ஒரு வார்த்தையில் எழுதிவிட்டுப் போகக்கூடாது.

அதே ஜின்னாவிடம் அதற்கு நான்கு மாதம் முன்பு, ஏப்ரலில், வைஸ்ராய் மவுண்ட்பேட்டன் ஒன்று கேட்டார். வங்காள மாகாணப் பிரதமர் சுஹ்ரவர்தி வங்காளத்தைப் பிரிக்காமல் தனி நாடாக வைக்க விரும்புகிறாரே, என்ன சொல்கிறீர்கள் என்று. சந்தோஷம் என்றார் ஜின்னா. கல்கத்தா இல்லாத வங்காளத்தை வைத்துக்கொண்டு என்ன செய்வது, அவர்கள் ஒன்றாக, சுதந்திரமாக இருப்பதே நல்லது, எங்களோடு நட்பாகத்தான் இருப்பார்கள் என்றார். மவுண்ட்பேட்டன் குறித்துவைத்திருக்கிறார். வங்காளம் தனியாகப் போவதில் அன்றைக்கு ஜின்னாவுக்கு வருத்தம் எதுவும் இருக்கவில்லை. பதினோரு மாதம் கழித்து, வங்காளியும் அரசு மொழியாக இருக்கட்டும் என்று கேட்டவர்கள் அவருக்கு நாட்டின் விரோதிகளாகத் தெரிந்தார்கள். இந்த இரண்டு ஜின்னாக்களில் யாரை நீங்கள் 1971க்குக் கூட்டிவரப் போகிறீர்கள்? இறந்துபோனவர்களை நாம் நமக்குப் பிடித்த வயதில் நிறுத்திவைத்துக் கூப்பிடுகிறோம். அவர்கள் அப்படி நிற்பவர்கள் இல்லை.

காந்தியைப் பற்றிய கேள்வியை விட்டுவிடுங்கள். ஒரு கோடி அகதிகள் எல்லை தாண்டி வந்து நிற்கும்போது அவர் என்ன சொல்லியிருப்பார் என்று எனக்குப் பதில் சொல்லத் தெரியாது. சொல்லத் தெரிந்ததுபோல எழுதுகிறவர்களை நான் நம்புவதில்லை. ஆசாத் பேட்டியை வைத்து எதையும் நிறுவாதீர்கள். நிலத்தாலும் மொழியாலும் வாழ்க்கையாலும் வேறான இரண்டு பகுதிகளை மதம் ஒன்றே சேர்த்துக்கட்டிவிடும் என்று சொல்வது மக்களை ஏமாற்றுவது என்று அவருடைய தன்வரலாற்றிலேயே இருக்கிறது. அது போதும். வாட்ஸப் வேண்டாம்.

எனக்குக் கோபம் வந்த இடம் வேறு. ‘மொழி என்பது ஒரு சாக்கு.’ இதை எழுதும்போது உங்கள் கை கொஞ்சம்கூடத் தயங்கவில்லையா? அரசு மொழி எது என்பதில்தானே யார் பரீட்சை எழுதலாம், யார் குமாஸ்தா ஆகலாம், பத்திரத்தில் எழுதியிருப்பதைப் படித்துப் பார்த்து யார் கையெழுத்துப் போடலாம் என்பதெல்லாம் இருக்கிறது? மொழியை ஒரு தட்டிலும் பதவி, பணத்தை இன்னொரு தட்டிலும் வைத்து உங்களுக்கு யார் நிறுத்துக் காட்டினார்கள்?

நான் சொன்ன ஜெராக்ஸுக்கு வருகிறேன். கராச்சியில் கூடிய அந்தச் சபைக்குத் தலைவர் ஜின்னா. சபையில் உருதுவிலோ ஆங்கிலத்திலோ பேசலாம் என்பது விதி. கிழக்கு வங்கத்தில், அதாவது இன்றைய வங்கதேசத்தில், இருக்கிற கொமில்லாவைச் சேர்ந்த வழக்கறிஞர் தீரேந்திரநாத் தத்தா எழுந்து ஒரு திருத்தம் கொண்டுவருகிறார். வங்காளியையும் சேர்த்துக்கொள்ளுங்கள் என்பதுதான் திருத்தம். நாட்டின் 6 கோடியே 90 லட்சம் மக்களில் 4 கோடியே 40 லட்சம் பேர் பேசுவது வங்காளி என்று கணக்குச் சொல்கிறார். அப்புறம் ஒரு விவசாயியைப் பற்றிச் சொல்கிறார். மகன் டாக்கா பல்கலைக்கழகத்தில் படிக்கிறான். அவனுக்குப் பணம் அனுப்ப அப்பன் கிராமத்துத் தபாலாபீஸுக்குப் போகிறான். மணியார்டர் படிவம் கேட்கிறான். படிவம் உருதுவில் இருக்கிறது. அதை எடுத்துக்கொண்டு தொலைவில் இருக்கிற டவுனுக்கு ஓடி, யாரையாவது மொழிபெயர்த்துச் சொல்லச் சொல்லி, அதற்குப் பிறகுதான் பையனுக்குப் பணம் போக முடியும்.

முதல் தடவை இதைப் படித்தபோது ஜெராக்ஸை மூடி வைத்துவிட்டேன். எங்கள் பாட்டி ஞாபகம் வந்துவிட்டது.

என் சித்தப்பா திருச்சியில் தங்கிப் படித்தார். மாதம் பிறந்தால் பாட்டி முந்தானையில் முப்பது ரூபாயை முடிந்துகொண்டு, என்னையும் கையில் பிடித்துக்கொண்டு தபாலாபீஸுக்குப் போவாள். நான் அப்போது ஐந்தாம் வகுப்பு. எங்கள் ஊரில் அன்று கொடுத்த படிவத்தில் இந்தியும் ஆங்கிலமும்தான் இருந்தன. எனக்குத் தமிழ் மட்டும்தான் வாசிக்கத் தெரியும், பாட்டிக்கு அதுவும் தெரியாது. வெளித்திண்ணையில் ஒருவர் உட்கார்ந்திருப்பார். வேலையிலிருந்து ஓய்வு பெற்றவர், ஒரு கவுளி வெற்றிலைக்கு எழுதிக் கொடுப்பார். படிவத்தின் அடியில், பணத்தோடு செய்திக்காகப் போகிற சின்னத் துண்டு ஒன்று இருக்கும். பாட்டி அதற்காக வீட்டிலிருந்தே யோசித்துக்கொண்டு வருவாள். “ராத்திரி கண் முழிக்காத. தலைக்கு எண்ணெய் வை. செவலைப் பசு கன்னு போட்டிருக்கு, கிடாரிக் கன்னு. காசு பத்தலைன்னா வயித்தைக் காயப்போடாத, எழுது.” அவர் எல்லாவற்றையும் தலையாட்டிக் கேட்டுக்கொண்டு ஆங்கிலத்தில் ஒரே ஒரு வரி எழுதுவார். பாட்டி அந்தத் துண்டை என் கையில் கொடுத்து, “சரியா எழுதிருக்காரா, படிடா” என்பாள்.

எனக்குப் படிக்கத் தெரியாது. ஒரு வரியில் இத்தனையும் அடங்காது என்பது மட்டும் தெரியும். ஆனாலும் பாட்டி சொன்னதை ஒன்று விடாமல், கிடாரிக் கன்று உட்பட, அந்த வரியைப் பார்த்துக்கொண்டே வாசித்துக் காட்டுவேன். அவள் தலையை ஆட்டிவிட்டுக் கட்டைவிரலை மையில் வைப்பாள். சித்தப்பாவுக்குக் கன்று போட்ட விஷயம் லீவுக்கு வந்தபோதுதான் தெரியும்.

எங்கள் வீட்டுக் கதையை 1948க்குச் சமமாக வைக்கவில்லை. தத்தா ஏன் ஒரு படிவத்தைப் பற்றிப் பேசினார் என்று எனக்குப் புரிந்த விதத்தைச் சொல்கிறேன். அவர் தாகூரைச் சொல்லியிருக்கலாம், ஆயிரம் வருஷத்து இலக்கியத்தைச் சொல்லியிருக்கலாம். மணியார்டரைச் சொன்னார். நாடு என்பது ஒரு குடியானவனுக்கு முன்னால் வந்து நிற்கிற இடம் தபாலாபீஸ் ஜன்னல்தான் என்று கொமில்லா கோர்ட்டில் கட்சிக்காரர்களோடு பல வருஷம் பழகிய அவருக்குத் தெரிந்திருந்தது.

பிரதமர் லியாகத் அலி கான் எழுந்தார். பாகிஸ்தான் முஸ்லிம்களின் நாடு, முஸ்லிம்களின் மொழிதான் அதற்குப் பொது மொழியாக இருக்க முடியும் என்றார். இந்தத் திருத்தம் மக்களுக்குள் பிளவு உண்டாக்கவே வந்திருக்கிறது என்றார். கிழக்கு வங்கத்தின் முதலமைச்சர் நாஜிமுதீனும் எதிர்த்தார். திருத்தம் விழுந்தது. படிவத்தைப் பற்றி எதிர்த்தரப்பு என்ன சொன்னது என்று அந்தத் தாள்களில் இந்த வாரமும் தேடினேன். எனக்கு எதுவும் கிடைக்கவில்லை.

ஒரு மாதம்கூட ஆகவில்லை. மார்ச் 21 அன்று டாக்கா ரேஸ்கோர்ஸ் மைதானத்தில் ஜின்னா பேசினார். பாகிஸ்தானின் அரசு மொழி உருதுதான், வேறெதுவும் இல்லை, உங்களைத் திசைதிருப்புகிறவன் பாகிஸ்தானின் எதிரி. இதை அவர் ஆங்கிலத்தில் சொன்னார். அவருடைய தாய்மொழி குஜராத்தி. மூன்று நாள் கழித்து கர்சன் ஹாலில் பட்டமளிப்பு விழாவிலும் அதையே திரும்பச் சொன்னபோது மாணவர்கள் ‘இல்லை’ என்று கத்தினார்கள். அந்தக் கூட்டத்தில், மணியார்டரில் வந்த பணத்தில் படித்தவர்கள் எத்தனை பேர் இருந்திருப்பார்கள்! செப்டம்பரில் ஜின்னா இறந்துவிட்டார். கிழக்கு வங்கத்துக்கு அவர் திரும்பி வரவேயில்லை.

அதே ரேஸ்கோர்ஸ் மைதானத்தில்தான் 1971 மார்ச் 7 அன்று முஜிப் பேசினார். அதே மைதானத்தில்தான் டிசம்பர் 16 அன்று பாகிஸ்தான் தளபதி நியாஜி சரணாகதிப் பத்திரத்தில் கையெழுத்துப் போட்டார். இன்று அதற்கு சுஹ்ரவர்தியின் பெயர். முஸ்லிம் லீகின் 1940 லாகூர்த் தீர்மானத்தில் ‘நாடுகள்’ என்று பன்மையில் இருந்ததை 1946இல் டெல்லியில் ஒரே நாடு என்று மாற்றிய தீர்மானத்தைக் கொண்டுவந்தவரும் இதே சுஹ்ரவர்திதான். அடுத்த வருஷமே தனி வங்காளம் கேட்டவரும் அவர்தான்.

‘சின்ன மனிதர்கள் உடைத்துவிட்டார்கள்’ என்பதை என்னால் ஏற்க முடியாதது இதனால்தான். ராணுவ ஆட்சியாளர் யாஹ்யா கான் செய்தது கொடுமை. 1970 தேர்தலில் கிழக்கின் 162 இடங்களில் 160ஐ வென்ற முஜிபின் கட்சிக்குச் சபையைக் கூட்டிக் கொடுக்காமல், மார்ச் 1 அன்று தள்ளிவைத்து, 25ஆம் தேதி இரவு ராணுவத்தை ஏவினார். அதற்கு மன்னிப்பே கிடையாது. ஆனால் கேட்டவனை எதிரி என்று சொல்லும் பழக்கத்தை யாஹ்யா கான் புதிதாகக் கண்டுபிடிக்கவில்லை. அது மேலேயிருந்து, மரியாதைக்குரியவர்களின் வாயிலிருந்து வந்தது. 1956 அரசியல் சட்டத்தில் வங்காளியும் அரசு மொழி ஆனது என்பீர்கள். ஆனது. எட்டு வருஷம் தாமதமாக, 1952இல் டாக்காவில் மாணவர்களைச் சுட்ட பிறகு.

கே, உங்கள்மேல் எனக்கு வருத்தம் இல்லை. உங்கள் வயதில் நானும் பெரிய பெயர்களிடம்தான் கேள்வி கேட்டுக்கொண்டிருந்தேன். 1971ஐ எப்படிப் பார்த்தார் என்று கேட்கத் தகுந்த ஒரு முன்னோடி உண்மையிலேயே 1971 வரை இருந்தார். பிரிவினைக்குப் பிறகும் கல்கத்தாவுக்குப் போகாமல் கொமில்லாவிலேயே இருந்தார். ஐம்பதுகளில் மாகாண அமைச்சராகவும் இருந்தார். உங்கள் கடிதத்தில் அவர் பெயர் இல்லை.

1971 மார்ச் 29 இரவு ராணுவம் கொமில்லாவில் தத்தாவின் வீட்டுக்கு வந்தது. அவருக்கு அப்போது 84 வயது. அவரோடு இளைய மகன் திலீப்பையும் பிடித்துக்கொண்டு போனார்கள். மைனாமதி ராணுவ முகாமில் சித்திரவதை செய்து கொன்றார்கள். அப்பாவும் மகனும் வீடு திரும்பவில்லை.

முகவரி அனுப்புங்கள். அந்த விவாதத்தை ஒரு பிரதி எடுத்துத் தபாலில் அனுப்புகிறேன்.

அன்புடன்