எல்லாக் குறிப்பேடுகளுக்கும் ஒரே மதிப்பெண் விழுகிறதா?

உங்கள் பி.எட். மாணவர்கள் தாம் பாடம் நடத்திய அனுபவத்தை நாள்தோறும் எழுதும் குறிப்பேடுகளுக்கு எல்லாம் 10க்கு 8தான் விழுகிறது என்கிறீர்கள். ஒவ்வொரு நாள் பதிவுக்கும் மதிப்பெண் போடுவதை நிறுத்துங்கள். தம் பதிவுகளில் சிறந்தவை என்று கருதும் மூன்றை மாணவரே தேர்ந்தெடுத்துத் தரட்டும். அவற்றை மட்டும் மதிப்பிடுங்கள். மற்றவற்றை எழுதியிருக்கிறாரா என்று பார்த்தால் போதும்.

40 பேருக்கும் அதே 8 விழுவதற்குக் காரணம், பெரும்பாலும் நீங்கள் கொடுத்த கேள்விதான். "இன்று நடத்திய பாடம் பற்றி எழுதுக" என்றால் நடந்ததுதான் வரும், யோசித்தது வராது.

இதைச் சோதித்துப் பார்க்க, ஐந்து குறிப்பேடுகளை எடுத்து, பென்சிலால் ஒவ்வொரு பத்தியின் ஓரத்திலும் 1 முதல் 4 வரை ஓர் எண் இடுங்கள். ஆசிரியர் பயிற்சியை ஆய்ந்த ஹாட்டனும் ஸ்மித்தும் 1995இல் வகுத்த நிலைகள் இவை, 1 முதல் 4 வரை வரிசையாக: வெறும் விவரிப்பு, காரணத்தோடு விவரிப்பு, தன்னோடு வாதிடுதல், சமூகச் சூழலையும் சேர்த்து எடைபோடுதல்.

"ஏழாம் வகுப்பில் பின்னம் நடத்தினேன், மாணவர்கள் ஆர்வமாகக் கவனித்தனர்" என்பது 1. "நான்கு பெரிய எண் என்பதால் 1/3ஐவிட 1/4 பெரிது என்றாள் ஒரு சிறுமி. விடையைத் திருத்தினேன், அவள் அப்படி நினைத்தது தவறா, நான் மூன்றையும் நான்கையும் வெறும் எண்களாகவே காட்டியது தவறா?" இது 3. இப்படி ஒரு பதிவைப் படிக்கும்போது எனக்கு மனம் நிறைந்துவிடும், எழுத்துப்பிழை பத்து இருந்தாலும்.

ஓர் எச்சரிக்கை: மதிப்பெண் உண்டு என்றதும் மாணவர்கள் உங்களுக்குப் பிடித்ததை எழுதத் தொடங்குவார்கள். வகுப்பில் தோற்றதை ஒப்புக்கொண்டவருக்கு ஒருபோதும் குறைக்காதீர்கள். வீட்டுத் துயரத்தை யாராவது எழுதியிருந்தால் அந்தப் பக்கத்துக்கு எண் வேண்டாம். தனியே அழைத்துப் பேசுங்கள்.