ராணுவ ஸ்டோர்ஸில் 15 ஆண்டு, கையில் பி.எஸ்ஸி. கணிதம்: பெங்களூரில் ஹெல்த்கேர் அனலிட்டிக்ஸ் வேலைக்குப் போகலாமா?

தாராளமாகப் போகலாம். ஹெல்த்கேர் அனலிட்டிக்ஸ் என்பது மருத்துவத் தரவுகளை அலசும் வேலை. அல்சூர் சாப்பர்ஸ் சென்டரில் (ராணுவப் பொறியியல் படையின் மையம்) ஸ்டோர்ஸ் பார்த்த அனுபவம் வீண்போகாது. ஆனால் மெஷின் லேர்னிங் கோர்ஸுக்குப் பணம் கட்டித் தொடங்கலாமா என்று கேட்டிருக்கிறீர்கள்; அது வேண்டாம். முதலில் நிகழ்தகவும் வரிசைக் கோட்பாடும் (க்யூவில் வருகை, காத்திருப்பு பற்றிய கணிதம்), கூடவே தரவுத்தளத்திலிருந்து தகவல் எடுக்கும் மொழியான எஸ்.க்யூ.எல். படியுங்கள். நிரல் மொழியான பைதான் அதற்கப்புறம்.

மருத்துவமனை நிர்வாகம் அன்றாடம் கேட்பது "பெட் போதுமா?" என்றுதான். ஒரு வார்டில் நாளைக்கு 12 பேர் சேர்ந்து, சராசரியாக 5 நாள் தங்கினால், சராசரியாக 60 பெட் நிரம்பியிருக்கும். ஜான் லிட்டில் 1961-இல் நிறுவிய விதி இது. ஸ்டோரில் வரவு, தங்கும் நாள், இருப்பு என்று நீங்கள் போட்ட கணக்கேதான். இதைப் பார்த்து 60 பெட் போதும் என்று எழுதிக் கொடுத்தால் தவறு. நோயாளிகள் சீராக வருவதில்லை. வருகை பாய்சான் முறையில் (ஒன்றுக்கொன்று தொடர்பில்லாமல் தற்செயலாக) இருந்தால், திட்ட விலக்கம், அதாவது சராசரியிலிருந்து வழக்கமாக விலகும் அளவு, 60-இன் வர்க்கமூலம், ஏறக்குறைய 8. நூற்றுக்கு 95 வேளை இடம் இருக்க வேண்டுமானால் சுமார் 73 பெட் தேவை. (முன்பதிவு அறுவை சிகிச்சை வார்டுக்கு இது பொருந்தாது, அங்கே வருகையைத் தீர்மானிப்பது ஆபரேஷன் தியேட்டர் அட்டவணை.) அந்தக் கூடுதல் 13 பெட் எதற்கு என்று கணிதம் தெரியாத மேலாளருக்கு விளக்கிப் பழகுங்கள். சூத்திரத்தைவிட அதுதான் கடினம்.

பயிற்சிக்கு, மருத்துவத் தரவுகளை ஆய்வுக்குத் தரும் பிசியோநெட் தளத்தில் மிமிக்-4 என்ற மருத்துவமனைப் பதிவுத் தொகுப்பின் டெமோ இருக்கிறது. அடையாளம் நீக்கிய 100 நோயாளிகளின் பதிவு, இலவசம். முழுத் தொகுப்பு வேண்டுமென்றால் ஆய்வு நெறிமுறைப் பயிற்சி முடித்து ஒப்பந்தத்தில் கையெழுத்திட வேண்டும்.

இப்படிப்பட்ட தரவை வைத்துக் கட்டும் கணிப்பு மாடல் சொதப்புவது பெரும்பாலும் கணிதத்தால் அல்ல, பதிவால். இரண்டு லேப்களின் கிரியேட்டினின் (சிறுநீரகச் செயல்பாட்டைக் காட்டும் ரத்தப் பரிசோதனை) அளவுகளைச் சேர்க்கும்போது ஒன்றில் 1.2 என்றும் இன்னொன்றில் 106 என்றும் இருக்கும். இரண்டும் ஒரே அளவுதான்: முன்னது டெசிலிட்டருக்கு மில்லிகிராம், பின்னது லிட்டருக்கு மைக்ரோமோல். முன்னதை 88.4-ஆல் பெருக்கினால் பின்னது வரும். ஹிஸ்டோகிராமில் (எந்த மதிப்பு எத்தனை முறை வருகிறது என்று காட்டும் பட்டை வரைபடம்) இரண்டு திமில் தெரிந்தால் முதலில் அலகைச் சந்தேகப்படுங்கள்.

இதைவிட மோசமானது காலக் கசிவு, அதாவது பின்னால் தெரியவரும் தகவல் முன்கூட்டியே மாடலுக்குள் புகுந்துவிடுவது. சேரும்போதே ஆபத்தைக் கணிக்க வேண்டிய மாடலுக்கு, டிஸ்சார்ஜுக்குப் பிறகு போடப்பட்ட நோய்க் குறியீட்டைக் கொடுத்துவிடுவார்கள். சோதனையில் அற்புதமாக வரும். வார்டில் ஓட்டினால் அந்தக் கட்டம் காலியாக இருக்கும். தரவு அட்டவணையின் ஒவ்வொரு நெடுவரிசைக்கும் "இதை யார், எந்த நேரத்தில் எழுதினார்கள்?" என்று குறித்து வையுங்கள். லெட்ஜர் பதிவு எப்படிப் பிறக்கிறது என்று பார்த்தவருக்கு இந்தச் சந்தேகம் இயல்பாகவே வரும். கல்லூரியிலிருந்து நேரே வருபவர்களுக்கு வர நாளாகும்.

வேலை தேடும்போது ஒன்றைக் கவனியுங்கள். இங்கே ஒயிட்ஃபீல்டு பக்கம் "ஹெல்த்கேர் அனலிட்டிக்ஸ்" என்ற பெயரில் வரும் வேலைகளில் பல, அமெரிக்க இன்சூரன்ஸ் கிளெய்ம் சார்ந்தவை. அதில் பில்லும் குறியீடும் இருக்கும், லேப் மதிப்பு பெரும்பாலும் இருக்காது. எது வேண்டுமென்று முடிவு செய்துவிட்டு விண்ணப்பியுங்கள். ரெஸ்யூமேயில் பதவிப் பெயரை மட்டும் போடாமல், எத்தனை ஐட்டம், எத்தனை நாளுக்கொரு சரிபார்ப்பு, வித்தியாசத்தை எப்படித் தீர்த்தீர்கள் என்று எழுதுங்கள். யூனிட் இருந்த இடம், உபகரண விவரம் எதுவும் அதில் வரவே கூடாது.