செப்டிசீமியா என்றால் விஷமா?

கேள்வி: சர்க்கரை நோயாளியான என் மாமனார், காலில் வந்த புண் முற்றி இறந்துபோனார். மருத்துவமனைக் குறிப்பில் 'செப்டிசீமியா' என்று இருந்தது. 'ரத்தத்தில் விஷம் கலந்துவிட்டது' என்று அங்கே சொன்னதை வைத்து, யாரோ விஷம் வைத்துவிட்டதாக ஊரில் பேசுகிறார்கள். இச்சொல்லின் பொருள் என்ன? – வாசகி, கும்பகோணம்

பதில்: இந்தச் சொல்லுக்குள் விஷம் இல்லை, அழுகலும் ரத்தமும்தான் இருக்கின்றன. கிரேக்கத்தில் 'செப்சிஸ்' என்றால் அழுகுதல், 'ஹைமா' என்றால் ரத்தம். அனீமியா, லுக்கீமியா ஆகிய பெயர்களின் வாலில் இருப்பதும் இந்த ஹைமாதான். இரண்டையும் இணைத்து 1837இல் 'செப்டிசெமி' என்று பிரெஞ்சில் பெயர் சூட்டியவர் பியர் அடோல்ஃப் பியோரி என்ற மருத்துவர். கிருமிகளே நோய்க்குக் காரணம் என்று நிறுவப்படாத அக்காலத்தில், அழுகிய பொருள் ரத்தத்தில் கலப்பதால் வரும் நோய் என்று இதைக் கருதினார்கள்.

பண்டைக் கிரேக்கர்கள் செப்சிஸுக்கு எதிராக 'பெப்சிஸ்' என்ற சொல்லை வைத்திருந்தார்கள். சமைத்தல், செரித்தல், கனிதல் எல்லாம் அதில் அடங்கும். வயிற்றில் சுரக்கும் பெப்சினுக்குப் பெயர் வந்ததும் அங்கிருந்துதான். நாம் சோற்றுக்கும் பழத்துக்கும் மனிதருக்கும் சொல்கிற 'பக்குவம்', 'பக்வ' என்ற வடமொழிச் சொல்லிலிருந்து வந்தது. அதுவும் பெப்சிஸும் ஒரே வேரில் பிறந்தவை என்பது எனக்கு எப்போதும் வியப்பூட்டுவது. பக்குவமானால் பெப்சிஸ், அழுகினால் செப்சிஸ்.

'புண் செப்டிக் ஆகிவிட்டது' என்று நாம் சொல்வதும், வீட்டுக்குப் பின்புறம் கழிவு மட்கும் செப்டிக் டேங்க்கும், காயத்தில் தடவும் ஆன்டிசெப்டிக்கும் இந்தக் குடும்பமே. செப்டம்பர் மட்டும் இதில் சேராது. அது ஏழு என்ற லத்தீன் எண்ணிலிருந்து வந்த பெயர்.

இன்று மருத்துவர்கள் 'செப்சிஸ்' என்ற சொல்லையே பெரிதும் விரும்புகிறார்கள். 2016இல் வெளியான வரையறையின்படி, கிருமித்தொற்றை எதிர்க்கும் முயற்சியில் உடல் நிலைதடுமாறித் தன் உறுப்புகளையே உயிருக்கு ஆபத்தாகும் அளவு பாதித்துக்கொள்வதே செப்சிஸ். ரத்தத்தில் கிருமி தென்பட்டே ஆகவேண்டும் என்பதுகூட இல்லை. சர்க்கரை நோயாளியின் காலில் ஆறாத புண், இத்தகைய தொற்று தொடங்கும் வழிகளில் ஒன்று.

ஆகவே, உங்கள் மாமனாரின் குறிப்பில் உள்ள சொல் தொற்றைக் குறிக்கிறதே தவிர, எவரும் கொடுத்த நஞ்சைக் குறிக்கவில்லை. ஊரில் கேட்பவர்களிடம், ஆறாத அந்தக் கால் புண்ணிலிருந்தே பேச்சைத் தொடங்குங்கள்.