போர்க்கப்பல் பொட்டம்கின்: கேள்வி பதில்

சோவியத் இயக்குநர் செர்கெய் ஐசன்ஸ்டீன் 1925இல் எடுத்த ‘போர்க்கப்பல் பொட்டம்கின்’ மௌனப்படம் பற்றி வந்த கேள்விகளில், படத்தொகுப்பையும், படத்தின் கதையான 1905ஆம் ஆண்டு ரஷ்யக் கப்பல் கலகத்தையும் தொட்டவற்றுக்கு விரிவாகவும் மற்றவற்றுக்குச் சுருக்கமாகவும் பதில் எழுதியிருக்கிறேன்.

இணையத்தில் பல பிரதிகள் கிடைக்கின்றன. எதைப் பார்ப்பது? (கோவை வாசகர்)

2005இல் ஜெர்மனியில் சீரமைத்த பிரதியைப் பாருங்கள். எட்மண்ட் மைசல் 1926இல் பெர்லின் திரையிடலுக்காக எழுதிய இசை அதில் இருக்கிறது. அடையாளம் எளிது. தொடக்கத்தில் ரஷ்யப் புரட்சித் தலைவர்களில் ஒருவரான ட்ரொட்ஸ்கியின் வரிகள் வரும். பின்னாளில் அவற்றை நீக்கிவிட்டு லெனின் வரிகளைச் சேர்த்தார்கள். கலகத்துக்குப் பிறகு கொடிமரத்தில் ஏறும் கொடி கறுப்பு வெள்ளைக்கு நடுவே சிவப்பாகத் தெரியும். அந்தக் காலத்தில் ஒவ்வொரு ஃபிரேமாகக் கையால் வண்ணம் தீட்டினார்கள். மௌனப்படத்தைப் பேசும்படத்தின் வேகத்தில் ஓட்டிய பிரதிகளில் மனிதர்கள் துள்ளித் துள்ளி நடப்பார்கள். அவற்றைத் தொடாதீர்கள்.

உண்மையில் நடந்தது என்ன? (திருச்சி மாணவி)

1905 ஜூன் 27. ஜப்பானோடு நடந்த போரில் ரஷ்யா தோற்றுக்கொண்டிருந்த நேரம். கருங்கடலில் நின்ற பொட்டம்கின் கப்பலில் புழுத்த இறைச்சியில் சமைத்த சூப்பைக் குடிக்க மாலுமிகள் மறுத்தார்கள். சுட்டுக் கொல்வோம் என்ற மிரட்டல் வந்ததும் கலகம் வெடித்தது. வாகுலென்சுக் என்ற மாலுமி கொல்லப்பட்டார், மத்யுஷென்கோ தலைமையேற்றார். கப்பல் ஒடெசா துறைமுக நகருக்குப் போனது, பிறகு ஆதரவின்றி அலைந்தது, ஜூலை 8இல் ருமேனியாவின் கான்ஸ்டான்சா துறைமுகத்தில் சரணடைந்தது. 1907இல் நாடு திரும்பிய மத்யுஷென்கோவைத் தூக்கிலிட்டார்கள். தன்னைச் சுட வேண்டிய கப்பற்படைக்கு நடுவே பொட்டம்கின் தடையின்றிக் கடந்து போகும் கணத்தோடு படம் நின்றுவிடுகிறது.

முதல்முறை பார்க்கப் போகிறேன். எதைக் கவனிக்க வேண்டும்? (மதுரை வாசகர்)

மருத்துவரின் மூக்குக் கண்ணாடியைக் கவனியுங்கள். இறைச்சியில் புழு நெளிகிறது என்று மாலுமிகள் முறையிடுகிறார்கள். மருத்துவர் ஸ்மிர்னோவ் கண்ணாடியைக் கழற்றி, இரண்டாக மடித்து, பூதக்கண்ணாடி போலப் பிடித்துப் பார்க்கிறார். திரை முழுக்கப் புழுக்கள். அவரோ, இவை புழுக்களே அல்ல, உப்பு நீரில் கழுவினால் போய்விடும் என்கிறார். கலகத்தில் அவரைக் கடலில் வீசிய பிறகு, அதே கண்ணாடி கப்பல் கயிற்றில் சிக்கி ஆடிக்கொண்டிருக்கும். ஆள் இல்லை, எதன் வழியே பார்த்தும் பார்க்க மறுத்தாரோ அந்தக் கருவி மட்டும் இருக்கிறது. முழு மனிதனை ஒரு சிறு பொருளால் சொல்லும் இந்த முறைதான் படம் நெடுக வருகிறது.

அடுத்து, தட்டு உடையும் இடம். தட்டு கழுவும் இளம் மாலுமி, ‘எங்கள் அன்றாட உணவை எங்களுக்குத் தாரும்’ என்ற ஜெப வரியைத் தட்டின் விளிம்பில் படிக்கிறான். ஓங்கி உடைக்கிறான். ஒரே வீச்சைப் பல துண்டுகளாக, ஒன்றன்மேல் ஒன்று படியும்படி வெட்டியிருப்பதால் கை இருமுறை ஓங்குவது போலிருக்கும். கோபம் கையை மீறிப் போவதை வெட்டு காட்டிவிடுகிறது.

படம்பிடித்தது அசல் பொட்டம்கின் கப்பலிலா?

இல்லை. அது அப்போது பயன்படும் நிலையில் இல்லை. ‘பன்னிரு அப்போஸ்தலர்கள்’ என்ற பழைய கப்பலில் எடுத்தார்கள். அது கண்ணிவெடிக் கிடங்காக இருந்ததால் புகைபிடிக்கக்கூட அனுமதி இருக்கவில்லை.

‘தி அன்டச்சபிள்ஸ்’ என்ற ஹாலிவுட் படத்தில் படிக்கட்டில் உருளும் குழந்தை வண்டிக் காட்சி இதிலிருந்து எடுத்ததா?

ஆம்.

படத்தில் சிப்பாய்கள் ஒடெசா படிக்கட்டில் மக்களைச் சுட்டுக்கொண்டே இறங்குகிறார்களே, அப்படியொரு படுகொலை நடக்கவே இல்லையாமே. பொய்யைத்தானே ஒரு நூற்றாண்டாகக் கொண்டாடுகிறோம்? (சென்னை வழக்கறிஞர்)

பகல் வெளிச்சத்தில், வரிசையாக இறங்கிய சிப்பாய்கள் அந்தப் படிகளில் நடத்திய படுகொலை நடக்கவில்லை என்பது சரி. ஆனால் கப்பல் ஒடெசாவில் நின்றபோது ஓர் இரவு துறைமுகத்தில் கிடங்குகள் எரிந்தன, ராணுவம் கூட்டத்தைச் சுற்றி வளைத்துச் சுட்டது, நூற்றுக்கணக்கானோர் செத்தார்கள். இருட்டிலும் புகையிலும் சிதறிக் கிடந்த அந்தச் சாவுகளை ஐசன்ஸ்டீன் 192 படிகளில் கொண்டுவந்து நிறுத்தினார்.

(அவரே மீண்டும்) இடத்தை மாற்றலாம், நேரத்தை மாற்றலாம் என்றால் வரலாறு எதற்கு? தார்ப்பாய்க் காட்சியும் கற்பனைதானே?

தார்ப்பாயும் கற்பனைதான், ஐயா. சுடப்படப் போகிறவர்களின் காலடியில், தளத்தில் ரத்தக் கறை படாமலிருக்க விரிப்பதுதான் வழக்கம். படத்தில் அதை, சூப்பை மறுத்ததால் சுடப்பட நிற்கும் மாலுமிகளின் தலைமேல் போர்த்துகிறார்கள். இத்தனை பேருக்கும் சேர்த்துக் கட்டிய ஒரே கண்கட்டு அது. சுடச் சொன்னவர்களுக்கு அந்த மனிதர்கள் முகமற்ற ஒரு குவியல். அதைக் காட்ட வேறு எந்த ஆவணம் இவ்வளவு துல்லியமாக இருக்க முடியும்? நீதிமன்றத்தில் சாட்சியமாக இதைக் காட்டினால் நானும் எதிர்ப்பேன். திரையில் எதிர்க்க மாட்டேன்.

(தஞ்சாவூர் வாசகி) நான் வழக்கறிஞர் பக்கம். அடிவயிற்றில் குத்தும் காட்சி என்பதாலேயே அதிகம் சந்தேகப்பட வேண்டாமா? நாஜி ஜெர்மனியின் பிரசார அமைச்சர் கோயபல்ஸே இந்தப் படத்தைப் புகழ்ந்தாராமே.

உங்கள் சந்தேகம் நியாயமானது, அம்மா. 1933இல் கோயபல்ஸ் புகழ்ந்தது உண்மை. இதுபோல் நமக்கும் ஒன்று வேண்டும் என்று நினைத்தார். ஆனால் படத்துக்குள் சென்று பாருங்கள். கூட்டம் கீழ்நோக்கி ஓடுகிறது, பூட்ஸ் கால்கள் கீழ்நோக்கி இறங்குகின்றன. அதற்கு நடுவே ஒரு தாய் மட்டும் சுடப்பட்ட மகனை ஏந்திக்கொண்டு மேல்நோக்கி, துப்பாக்கிகளுக்கு எதிராக, நடக்கிறாள். வரிசையாக இறங்கும் சிப்பாய்களுக்கு முகம் கிடையாது. சாகிறவர்கள் ஒவ்வொருவருக்கும் உண்டு. கூட்டத்தை அணிவகுக்க வைத்துத் தலைவனைத் தொழச் சொன்னவர்களின் படங்களில் இது தலைகீழ்.

நல்ல பிரதியின் இணைப்பு தர முடியுமா? (இதே கேள்வி மேலும் பலரிடமிருந்து)

இணைப்பு தருவதில்லை. எந்தப் பிரதி என்பது முதல் பதிலிலேயே இருக்கிறது.

1946 பம்பாய்க் கடற்படைக் கலகத்துக்கும் இதற்கும் தொடர்பு உண்டா?

‘தல்வார்’ தளத்திலும் மோசமான உணவு ஒரு காரணம். அதற்குமேல் இந்திய வரலாற்றாசிரியர்களிடம் கேளுங்கள்; என் துறை அல்ல.

துள்ளி எழும் கல் சிங்கம் அந்தப் படிக்கட்டில்தான் இருக்கிறதா?

அது ஒரு சிங்கமும் அல்ல, ஒடெசாவும் அல்ல. கிரிமியாவின் அலுப்கா அரண்மனையில் உறங்கும், விழிக்கும், நிமிரும் மூன்று தனிச் சிற்பங்கள். அடுத்தடுத்து ஒட்டியதும் ஒரே சிங்கம் எழுந்துவிட்டது.

கல்லூரியில் இந்தப் படம் பற்றிக் கட்டுரை கேட்கிறார்கள். எங்கே தொடங்குவது? (நெல்லை மாணவர்)

தம்பி, இணையத்தில் கிடைக்கும் புகழுரைகளை ஒட்டிவைக்காதீர்கள். படிக்கட்டுக் காட்சியில் கொசாக் (ஜாரின் குதிரைப்படை) வீரன் வாளை ஓங்கும் இடத்துக்குப் போங்கள். ஒலியை நிறுத்திவிட்டு ஒவ்வொரு ஷாட்டாக நிறுத்திப் பாருங்கள். வாள் யார்மேலும் படுவதைக் காட்டவே மாட்டார்கள். அவன் முகம், மறுபடி அவன் முகம், பிறகு உடைந்த கண்ணாடியோடு ரத்தம் வழியும் ஒரு பெண்ணின் முகம். ஷாட்டுகளை வரிசையாக எழுதி, எதை நீங்களாகவே மனத்தில் நிரப்பினீர்கள் என்பதைப் பக்கத்தில் குறியுங்கள். எழுதியதும் எனக்கு அனுப்புங்கள், படித்துப் பதில் சொல்கிறேன்.