மெக்வாரியர் ஆன்லைனில் முதல் மெக்காக அட்லஸ் வாங்கலாமா?

இப்போதைக்கு வேண்டாம். மெக் என்கிற ராட்சத ரோபோவுக்குள் உட்கார்ந்து சண்டை போடும் இந்தக் கம்ப்யூட்டர் விளையாட்டை நண்பர்கள் நாலு பேராகச் சேர்ந்து ஆட ஆரம்பித்திருக்கிறோம், ஒரு மெக் வாங்கும் அளவுக்கு சி-பில் (விளையாட்டுக்குள் செல்லும் காசு) சேர்ந்துவிட்டது, நூறு டன் எடையுள்ள அட்லஸ் மெக் மேல் ஆசையாக இருக்கிறது என்று கேட்டிருக்கிறீர்கள். எனக்கும் அதே ஆசைதான் வந்தது, வாங்கியும் விட்டேன். அந்த அனுபவத்தில்தான் சொல்கிறேன்.

நான் சேலம் அஸ்தம்பட்டி. சித்தப்பா மகன் அம்மாபேட்டை, மச்சினன் ஏற்காடு. ராத்திரி ஒன்பதரைக்கு மேல் மூன்று பேரும் போனை ஸ்பீக்கரில் போட்டுக்கொண்டு ஆடுவோம். அட்லஸ் வாங்கிய அன்று முதல் மேட்ச். பக்கத்துக்குப் பன்னிரண்டு பேர். ஆட்டம் தொடங்கியதும் எங்கள் டீம் மொத்தமும் மேப்பைச் சுற்றி வளைத்துக்கொண்டு ஓட ஆரம்பித்தது. கம்பெனி இன்ஜினோடு இருந்த என் அட்லஸின் உச்ச வேகம் மணிக்கு 48 கிலோமீட்டர் சொச்சம். ‘மாமா, எங்க இருக்கீங்க?’ என்றான் மச்சினன். ‘வந்துட்டே இருக்கேன்டா’ என்றேன், வீட்டில் குளித்துக்கொண்டே பஸ் ஏறிவிட்டதாகச் சொல்கிற ஆள் மாதிரி. ஒரு நிமிடம்கூட ஆகியிருக்காது. பின்னாலிருந்து சின்ன மெக் மூன்று வந்து முதுகைச் சுரண்ட ஆரம்பித்தன. முன் பக்கம் கல்லுமாதிரி கவசம், முதுகில் பேருக்குத்தான். திரும்பலாம் என்றால் அந்த உடம்பு திரும்புவதற்குள் அவை மறுபடி முதுகுக்குப் போய்விடுகின்றன. எதிரியின் முகத்தைக்கூடச் சரியாகப் பார்க்காமல் செத்தேன். செத்த மெக் அந்த மேட்ச் முடியும்வரை திரும்பக் கைக்கு வராது. என்னிடம் இருந்ததோ அது ஒன்றுதான். கீழே இறங்கிப்போய் ஒரு தட்டுவடை செட் சாப்பிட்டுவிட்டு வந்தேன், இன்னும் சண்டை ஓடிக்கொண்டிருந்தது.

இந்த விளையாட்டில் தனியாக மாட்டினால் நூறு டன்னும் ஒன்றுதான், இருபது டன்னும் ஒன்றுதான். அதனால் முதல் மெக் வாங்கும்போது எத்தனை பீரங்கி இருக்கிறது என்று பார்ப்பதற்கு முன்னால், டீமோடு கூடவே ஓடுமா என்று பாருங்கள். கணக்கு சுலபம். இன்ஜின் எண்ணை 16.2ஆல் பெருக்கி மெக்கின் டன்னால் வகுத்தால் மணிக்கு எத்தனை கிலோமீட்டர் என்று வந்துவிடும். அட்லஸுக்கு 300 இன்ஜின், 100 டன், 48.6. அதையே 50 டன் மெக்கில் 250 இன்ஜின் போட்டுப் பாருங்கள், 81 வரும். 81 இருந்தால் யாரும் உங்களை விட்டுவிட்டுப் போக முடியாது. தப்பான இடத்துக்குப் போய்விட்டாலும் திரும்பி ஓடிவர நேரம் கிடைக்கும். புதிதாக ஆடுகிறவர் தப்பான இடத்துக்குத்தான் போவார்.

நான் கைகாட்டுவது ஹன்ச்பேக், 50 டன், மீடியம் வகை. வலது தோளில் ஒரு கூன் இருக்கும், ஆயுதம் பெரும்பாலும் அதற்குள்தான். இதில் 4ஜி, 4பி என்று மாடல்கள் உண்டு. 4ஜி வாங்கினால் கூனில் ஏசி/20 பீரங்கி. ஒரு குண்டுக்கு 20 டேமேஜ், 270 மீட்டருக்குள் முழு அடி. 4பி வாங்கினால் பீரங்கி இல்லாமல் எட்டு மீடியம் லேசரும் ஒரு சின்ன லேசரும். புது ஆளுக்கு நான் 4பி என்றுதான் சொல்வேன். குண்டு தீர்ந்துபோகிற கவலை இல்லை, ஓடுகிறவனுக்கு எவ்வளவு முன்னால் குறிவைப்பது என்ற குழப்பமும் இல்லை. எங்கே பார்க்கிறீர்களோ அங்கே சுடும்.

ஆனால் சூடு. எட்டு லேசரையும் ஒரே அமுக்கில் அமுக்கினால் மெக் சூடேறி அப்படியே நின்றுவிடும், எதிரில் இருக்கிறவன் நிதானமாக நின்று சுட்டுவிட்டுப் போவான். சின்ன வயதில் அப்பாவின் பழைய காரில் ஏற்காடு போவோம். இருபது கொண்டை ஊசி வளைவு. அவசரப்பட்டு மிதித்துக்கொண்டே ஏறினால் பாதி மலையில் ரேடியேட்டர் கொதித்து, பானெட்டைத் திறந்து வைத்துவிட்டு ஓரமாக நிற்போம், பின்னால் மெதுவாக வந்த பஸ் எங்களைத் தாண்டிப் போகும். அதே கதைதான் இங்கேயும். ஒரே வகை ஆயுதத்தை அளவுக்கு மேல் ஒன்றாகச் சுட்டால் இந்த விளையாட்டு தண்டனையாகக் கூடுதல் சூடு வேறு போடும், கோஸ்ட் ஹீட் என்பார்கள். அதனால் லேசர்களை இரண்டு குரூப்பாகப் பிரித்து, நாலை ஒரு பட்டனிலும் மிச்சத்தை இன்னொரு பட்டனிலும் வையுங்கள். நாலு சுட்டு, ஒரு மூச்சு விட்டு, அடுத்த நாலு. மேப்பையும் கவனியுங்கள். டெர்ரா தெர்மா எரிமலை மேப், அங்கே சூடு சீக்கிரம் இறங்காது, நம்மூர் கத்திரி வெயில்தான். ஃப்ரோசன் சிட்டி மார்கழி மாத ஏற்காடு, கொஞ்சம் தாராளமாகச் சுடலாம்.

ஹன்ச்பேக்கின் குறையையும் சொல்லிவிடுகிறேன். அந்தக் கூன் எல்லாருக்கும் தெரியும், எல்லாரும் அதைத்தான் குறிவைப்பார்கள். கூன் போனால் 4பி-யில் கைக்கு ஒரு லேசர், தலையில் ஒன்று, அவ்வளவுதான் மிஞ்சும். இதற்கும் வழி இருக்கிறது. சுட்டு முடித்த நொடியே உடம்பை வலது பக்கம் திருப்பி, இடது தோளையும் இடது கையையும் எதிரிக்குக் காட்டுங்கள். அடி அங்கே விழட்டும், அங்கே போனால் நஷ்டம் கம்மி. சுடு, திருப்பு, சுடு, திருப்பு. இது கைக்கு வர எனக்கு இரண்டு வாரம் ஆனது. அட்லஸில் ஆடியவரை இப்படி ஒன்று இருப்பதே எனக்குத் தெரியாது, கவசம் தாங்கிக்கொள்ளும் என்று நெஞ்சை நிமிர்த்திக்கொண்டு நின்றேன்.

கூன் பிடிக்கவில்லை என்றால் செஞ்சூரியன் வாங்குங்கள், அதுவும் 50 டன், இடது கையைக் கேடயமாகவே வைத்துக்கொள்ளலாம். கிளான், இன்னர் ஸ்ஃபியர் என்று மெக்கில் இரண்டு தரப்பு உண்டு, இதுவரை சொன்னதெல்லாம் இன்னர் ஸ்ஃபியர். கிளான் மெக்தான் வேண்டும் என்றால் 55 டன் ஸ்டார்ம்க்ரோ. எக்ஸ்எல் என்பது எடை குறைந்த, தோள்வரை நீள்கிற இன்ஜின். ஒரு பக்கத் தோள் போனாலும் கிளான் எக்ஸ்எல் இன்ஜின் சாகாது. இன்னர் ஸ்ஃபியர் மெக்கில் எக்ஸ்எல் போட்டிருந்தால் ஒரு தோள் போனதும் மேட்ச் முடிந்தது. அதனால் ஹன்ச்பேக்கில் எக்ஸ்எல் போடாதீர்கள். கூனே தோளில்தான் இருக்கிறது!

லைட் வகை, அதாவது எடை குறைந்த சின்ன மெக், வேண்டாம். பார்க்க ஜாலியாக இருக்கும், நின்றால் செத்தோம். போதாக்குறைக்கு நம்மூரிலிருந்து சர்வர் தூரம், எனக்கு பிங் (சர்வருக்குப் போய்வர ஆகும் தாமதம்) இருநூறு மில்லிசெகண்டுக்குக் கீழே வருவதே அபூர்வம். மழை பிடித்துவிட்டால் ஏற்காட்டு மச்சினன் பாடு இன்னும் மோசம், அவன் மெக் ஒரே இடத்தில் நின்று நடந்துகொண்டிருக்கும்.

எல்ஆர்எம் என்கிற நீண்ட தூர ஏவுகணை மெக்கும் முதலில் வேண்டாம் என்பேன், இதில் சிலர் என்னோடு சண்டைக்கு வருவார்கள். மலைக்குப் பின்னால் பத்திரமாக நின்று, மற்றவர்கள் காட்டுகிற இலக்கின் மேல் மழையாகப் பொழியலாம்தான். ஆனால் உங்கள் கவசம் புத்தம் புதிதாக இருக்கும், முன்னால் நிற்கிற நண்பன் நொறுங்கிக்கொண்டிருப்பான். 180 மீட்டருக்குள் ஒருவன் வந்துவிட்டால் இன்னர் ஸ்ஃபியர் எல்ஆர்எம் எதற்கும் உதவாது. சித்தப்பா மகன் இரண்டு மாதம் இதிலேயே ஊறிக் கிடந்தான். நேருக்கு நேர் சுடச் சொன்னால் இன்னும் திணறுகிறான்.

வாங்குவதற்கு முன் ட்ரையல் மெக் எல்லாவற்றையும் ஆடிப் பார்த்துவிடுங்கள். இலவசம்தான், ஆயுதத்தை மாற்ற முடியாது, அவ்வளவுதான். முதல் 25 மேட்சுக்கு புது ஆட்களுக்குக் கூடுதல் சி-பில் வேறு கிடைக்கும், அது முடியும்வரை பொறுத்தால் மெக் வாங்கியது போக இன்ஜின் மாற்றவும் கையில் இருக்கும். எதையாவது வாங்கிவிட்டுப் பிடிக்கவில்லை என்று விற்றால் பாதி விலைதான் திரும்பும். என் அட்லஸை அப்படித்தான் விற்று ஹன்ச்பேக் வாங்கினேன். நிஜப் பணம் போடலாமா என்றும் கேட்டிருந்தீர்கள். ஒரு பைசா போடாதீர்கள், முதல் இரண்டு மாதமாவது.

போன தீபாவளி லீவில் மறுபடியும் ஒரு அட்லஸ் வாங்கினேன். இந்தத் தடவை 350 இன்ஜின் மாற்றி, முதுகுக்குக் கொஞ்சம் கவசம் ஒதுக்கி, மச்சினனிடம் முதலிலேயே சொல்லிவிட்டேன்: ‘நீ ஓடாதே, என் பக்கத்திலேயே நில்லு.’ ‘சரி மாமா’ என்றான். பாதி மேட்சில் ஏற்காட்டில் கரண்ட் போய்விட்டது.