சொல்லில் எங்கே அழுத்துவது? புதுச்சேரி, கடலூர் வாசகர்களின் கேள்விகள்

லாஸ்பேட்டை, ஸ்போக்கன் இங்கிலீஷ் ஆசிரியை: ‘டெவலப்’ என்ற சொல்லில் நடு அசையை அழுத்தச் சொன்னால் மாணவர்கள் உடனே சரியாகச் சொல்கிறார்கள். மறுநாள் பழையபடி முதல் அசைக்கே போய்விடுகிறார்கள். காதில் விழவில்லையா?

நன்றாகவே விழுகிறது டீச்சர். தங்குவதில்தான் சிக்கல். ஆங்கிலத்தில் அழுத்தம் பெறும் அசை சற்று நீளும், குரல் ஏறும், சத்தம் கூடும். காது இவ்வளவையும் வாங்கிக்கொள்கிறது. ஆனால் சொல்லை நினைவில் வைக்கும்போது, தாய்மொழியில் பொருளை மாற்றுகிற குணங்களுக்கே மூளை முதலிடம் தருகிறது. தமிழில் குறில் நெடிலானால் பொருளே வேறு. அழுத்தம் இடம் மாறினால் ஒன்றும் ஆகாது.

பாரிஸில் இம்மானுவேல் துப்பூவும் உடன் ஆய்ந்தவர்களும் 2001இல் வெளியிட்ட சோதனை இதை அழகாகக் காட்டியது. ‘மிபா’ என்று பொருளில்லாத ஒரு சொல். முதல் அசையில் அழுத்தம் வந்தால் ஒரு பொத்தான், இரண்டாவதில் வந்தால் இன்னொன்று. அப்புறம் இரண்டையும் கலந்து வரிசையாக ஒலிக்கவிட்டார்கள். வரிசை முடிந்ததும் ‘ஓகே’ என்று ஒரு குரல் வரும். அதற்குப் பிறகே கேட்ட வரிசைப்படி பொத்தான்களை அழுத்த வேண்டும். காதில் மிச்சமிருக்கும் ஒலியை வைத்துச் சமாளித்துவிடக் கூடாது என்பதற்குத்தான் அந்த ‘ஓகே’. பிரெஞ்சுக்காரர்கள் வெகுவாகத் தடுமாறினார்கள், ஸ்பானியர்கள் சமாளித்தார்கள். ஸ்பானிய மொழியில் ‘தெர்மினோ’ என்பதை முதலில் அழுத்தினால் ‘முடிவு’, நடுவில் அழுத்தினால் ‘முடிக்கிறேன்’, கடைசியில் அழுத்தினால் ‘முடித்தான்’. பிரெஞ்சில் அழுத்தம் தொடரின் கடைசியில் விழும், அதை வைத்துச் சொற்களைப் பிரிக்க வேண்டியதில்லை.

உங்கள் வகுப்பிலும் இதுதான் நடக்கிறது என்பது என் கருத்து. பிள்ளைகளைக் கவனக்குறைவு என்று திட்டாதீர்கள்.

முத்தியால்பேட்டை வாசகர்: எங்கள் மாடியில் குடியிருக்கும் பிரெஞ்சுப் பெண்மணி தமிழ் கற்கிறார். படம், பாடம் இரண்டும் அவருக்கு ஒன்றாகவே கேட்கிறதாம். நம்ப முடியவில்லை.

நம்புங்கள். பிரெஞ்சில் உயிரின் நீளம் பொருளை மாற்றுவதில்லை. ‘எபுசோ’, ‘எபூசோ’ என்ற இரண்டையும் ஜப்பானியர்கள் எளிதாகப் பிரித்தார்கள், பிரெஞ்சுக்காரர்கள் திணறினார்கள் என்று 1999இல் ஓர் ஆய்வு வந்தது. சத்தமாகத் திருப்பித் திருப்பிச் சொல்வதால் பெரிய பலன் இல்லை. ஒரு படத்தையும் பாடப்புத்தகத்தையும் எதிரில் வைத்து, நீங்கள் கேட்பதை எடுத்துத் தரச் சொல்லுங்கள். நீளம் மாறினால் பொருளும் மாறுகிறது என்று கைக்கே தெரியவரும்போது, அதை நினைவில் வைக்க மூளைக்கு ஒரு காரணம் கிடைக்கிறது.

உப்பளம், சொல்தா (பிரெஞ்சுப் படையில் பணியாற்றியவர்) குடும்பத்துப் பாட்டி: பேரன் பிரான்சில் பிறந்தவன், ஒன்பது மாதம். இப்போதே தமிழ் பேசிக் காட்டுவதில் பயன் உண்டா?

உண்டு அம்மா, இதுதான் வயது. ஒன்பது மாதத்திலேயே, சொற்கள் மாறிக்கொண்டிருந்தாலும் ஸ்பானியக் குழந்தைகள் அழுத்தத்தின் அமைப்பைப் பிரித்தறிகின்றன, பிரெஞ்சுக் குழந்தைகள் அப்படிச் செய்வதில்லை என்று 2009இல் கண்டார்கள். இன்னொன்று முக்கியம். அமெரிக்காவில் பட்ரீசியா கூல் 2003இல் வெளியிட்ட ஆய்வில், நேரில் பேசியவர்களிடமிருந்து குழந்தைகள் சீன மொழியின் ஒலிகளைக் கற்றுக்கொண்டன, வீடியோ பதிவிலிருந்து கற்கவில்லை. எனவே போனில் நீங்கள் கொஞ்சுவதோடு நிற்காமல், வீட்டில் மகனும் மருமகளும் தமிழில் பேச வேண்டும்.

மஞ்சக்குப்பம் வாசகர்: பக்கவாதத்துக்குப் பிறகு அப்பாவின் பேச்சு வேற்றூர்க்காரர் பேசுவதுபோல இருக்கிறது. வேண்டுமென்றே செய்கிறாரா?

இல்லை. மூளை பாதிக்கப்பட்டால் பேச்சு இப்படி மாறுவதுண்டு. 1941இல் குண்டுவீச்சில் தலையில் காயம்பட்ட ஒரு நார்வே பெண்ணின் பேச்சு, சொந்த ஊர்க்காரர்களுக்கே ஜெர்மானியர் பேச்சாகக் கேட்டது. போர்க்காலம் வேறு, கடைக்காரர்கள் அவருக்குப் பொருள் தர மறுத்தார்கள். மோன்ராட் குரோன் என்ற மருத்துவர் 1947இல் இதைப் பதிவு செய்தார். அப்பாவைக் கேலி செய்ய யாரையும் விடாதீர்கள். நரம்பியல் மருத்துவரிடம் சொல்லி, பேச்சுப் பயிற்சியைத் தள்ளிப்போடாமல் தொடங்குங்கள்.

வில்லியனூர், கல்லூரி மாணவர்: ஆங்கில அழுத்தம் தங்காத காது வளர்ந்த பிறகு மாறுமா சார்?

முழுதாக மாறுவது கடினம் தம்பி. ஸ்பானியம் நன்றாகக் கற்ற பிரெஞ்சுக்காரர்களும் மேலே சொன்ன ‘மிபா’ மாதிரி சோதனையில் தடுமாறியதை 2008இல் காட்டினார்கள். ஆனால் சரியாக உச்சரிக்கப் பழகலாம். தமிழ்க் காதுக்கு நீளம் நன்றாகப் பிடிபடும், அதையே பிடித்துக்கொள்ளுங்கள். அகராதியில் உச்சரிப்புக் குறிப்பைப் பாருங்கள். அழுத்தம் பெறும் அசைக்கு முன்னால் மேலே ஒரு சிறு கோடு இருக்கும். அந்த அசையைச் சற்று நீட்டி, புதிய சொல்லை முதல் தடவையே அப்படிச் சொல்லுங்கள்.